தழும்பு மறைத்த தோல்

சென்னை எழும்பூரில், பழைய காவல் ஆணையர் அலுவலகக் கட்டடத்தில், 2021ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காவல்துறை அருங்காட்சியகத்தைப் பற்றி ஒருநாள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் மாணவன் ஒருவன் துணிப்பையிலிருந்து ஒரு தோல் வாரை எடுத்து என் மேசைமீது வைத்தான். முழ நீளம், இரண்டாக மடித்துத் தைத்தது, கைப்பிடிப் பக்கம் வியர்வை ஏறிக் கறுத்திருந்தது. அவன் பாட்டனாரின் தகப்பனார் இந்தச் சுந்தரபாண்டியபுரத்தில் தலையாரியாக இருந்தவராம். மாட்டை ஓட்டிய வாரா, மனிதனை மிரட்டிய வாரா? வீட்டில் எவருக்கும் தெரியவில்லை.

"சார், இதையும் அங்கே வைப்பாங்களா?" என்றான்.

எனக்கு உடனே வாய் வரவில்லை. அந்த வார் கிடந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, என் பிரம்பு கிடந்தது.

தோழர்களே! செங்கோலுக்கு வரலாறு எழுதினோம்; அதைப் பிடித்த கைக்கும் எழுதினோம். அந்தக் கையின் ஏவலாள் பிடித்த சவுக்குக்கு எழுதினோமா? எழுதியிருந்தால், மன்னர் பெயர்களை மட்டுமா மனப்பாடம் செய்திருப்போம்? முதுகுகளின் கதையையும் அறிந்திருப்போமே!

சொல்லிலிருந்தே தொடங்குவோம். 'சவுக்கு' தமிழில் பிறந்த சொல்லன்று. பாரசீகத்துச் 'சாபுக்', உருதுவின் வழியே நம் நாவுக்கு வந்து சவுக்கு ஆயிற்று. அதே சொல் மலாய்க் கடல் வழியாகத் தென்னாப்பிரிக்கா சென்று 'சாம்போக்' ஆயிற்று. காண்டாமிருகத்தின் தோலிலும் நீர்யானையின் தோலிலும் அறுத்துச் செய்த சாட்டை அது. 1913இல் நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் தமிழர் ஏராளம். சுரங்கக் கொட்டடிகளையே சிறைகளாக்கி, கங்காணிகளையே சிறைக்காவலராக்கி, அவர்களைச் சாட்டையால் அடித்தது அந்த அரசு. பிற்காலத்தில் நிறவெறிக் காவல்துறையின் கையிலும் அதே சாம்போக் இருந்தது. கூட்டத்தைக் கலைக்க அதை எடுக்கக்கூடாது என்ற கட்டளை 1989இல்தான் பிறந்தது. சொல் ஊர் சுற்றியது; அடியும் உடன் சுற்றியது!

நம் மாகாணத்துக்கு வருவோம். 1816ஆம் ஆண்டின் ஒழுங்குச் சட்டம் வரி வசூலையும் காவலையும் ஒரே கையில் கொடுத்தது. தாசில்தாரே வரி கேட்பவர், தாசில்தாரே காவல் தலைவர். அவருக்குக் கீழே சேவகர், ஊரிலே தலையாரி. விளைச்சல் பொய்த்தாலும் வரி பொய்க்கக்கூடாதே! விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி வந்தது. கழுத்தைக் காலோடு கட்டிக் குனிய வைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் வந்தது. சவுக்கும் கூடவே வந்தது.

செய்தி இலண்டன் நாடாளுமன்றம்வரை எட்டியது. 1854இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. அதன்முன் குவிந்த முறையீடுகள் 1,959. நேரில் வந்தோர் மட்டும் 519 பேர்! கால்நடையாகப் பல நாள் நடந்து வந்த ஏழைகளும் அவர்களுள் உண்டு. 1855இல் வெளிவந்த அறிக்கை, சித்திரவதை நடப்பது உண்மையே என்று ஒப்புக்கொண்டது. வெள்ளை அதிகாரிகளுக்கு அதில் பங்கில்லை என்று கூறிப் பழியைக் கீழ்ப்பணியாளர் தலையில் ஏற்றியது வேறு கதை. இந்த அறிக்கையை வைத்தே 1857இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் இதழொன்றில் கட்டுரை தீட்டினார். அடிபட்டவன் கலெக்டரிடம் மனுக் கொடுத்தால், அந்த மனு விசாரணைக்காகத் தாசில்தாரிடமே, அதாவது அடித்தவனிடமே, திரும்பி வந்தது என்பதை உலகம் அறிந்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் வரியையும் காவலையும் பிரித்துத் தனிப் போலீசைப் படைத்தது. இன்றைய காவல்துறையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சவுக்கு ஒழிந்ததா? இல்லை. சட்டப் புத்தகத்துக்குள் ஏறி உட்கார்ந்தது! 1864இல் சவுக்கடிச் சட்டம் வந்தது. ஒன்பது வால் சவுக்கென்றால் 150 அடிவரை, பிரம்பென்றால் 30 அடிவரை என்று கணக்கு எழுதி வைத்தார்கள். விடுதலைக்குப் பிறகு, 1955இல்தான், நம் நாடாளுமன்றம் அத்தண்டனையை நீக்கிற்று. கீழத்தஞ்சைப் பண்ணைகளில் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் அங்கே உழைப்பவனுக்குக் கிடைத்த கூலி. 1940களில் செங்கொடிச் சங்கம் போராடித்தான் அதை ஒழித்தது.

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். தோலைப் பதனிட்டவனைத் தீண்டத்தகாதவன் என்றார்கள். அவன் கை தைத்த சவுக்கைப் பிடிக்கும்போது மட்டும் தீட்டு எங்கே போயிற்று? அவன் தைத்த தோலே அவன் முதுகில் விழுந்தபோது, எந்தச் சாத்திரம் குறுக்கே வந்து தடுத்தது?

அந்தக் காலத்து ஆட்சி, தழும்பு தெரியவேண்டும் என்று விரும்பியது. ஒருவன் முதுகு ஊருக்கே அறிவிப்புப் பலகை. சட்டம் அடியைக் குற்றமாக்கியபின் ஆசை மாறியது. அடி விழவேண்டும், தழும்பு மட்டும் தெரியக்கூடாது!

அமெரிக்கக் காவலர் பல காலம் ஏந்திய கைத்தடியைப் பாருங்கள். ஈயக் கட்டியைத் தோலால் பொதிந்து தைத்தது, உள்ளங்கைக்குள் அடங்குவது. அதற்கென்றே காற்சட்டையில் தனிப் பை வைத்துத் தைத்தனர். ஈயம் எலும்பை உடைக்கும். மேலிருக்கும் தோலுறை சதையைக் கிழிக்காமல் காக்கும். மண்டைக்குள் குருதி கசிந்தாலும் வெளியே காயம் சிறிதாகவே தெரியும். பிற்காலத்தில் பல நகரக் காவல்துறைகள் அதை விலக்கின. மூங்கில் தடி அப்படியன்று. அடித்த இடத்தில் இரண்டு இணைகோடுகளாகக் கன்றலை எழுதிவிடும். மருத்துவர் கண்டால் தடி என்று சொல்லிவிடுவார். தடி சாட்சி சொல்லும். ஈயம் பொதிந்த தோல் பெரும்பாலும் வாய் திறக்காது.

இன்று அந்தத் தோலின் வேலையை வேறு பொருள்களும் செய்கின்றன. 2020இல், நம் அண்டை மாவட்டமாகிய தூத்துக்குடியின் சாத்தான்குளத்தில், தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு மாண்டனர். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், நிலையத்துக் கண்காணிப்புக் கருவியின் காட்சிகள் அன்றாடம் தானே அழியும்படி அமைந்திருந்ததை உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். உண்மையைச் சொன்னவர் அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவரே. கருவி மறைத்ததை ஒரு மனிதரின் நெஞ்சம் காட்டிக்கொடுத்தது! அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியையும் பதியும் படக்கருவி வேண்டுமென உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. கைதானவருக்கு மருத்துவச் சோதனை வேண்டுமென்று 1996இலேயே கூறியதும் அந்நீதிமன்றந்தான். ஐ.நா.வின் சித்திரவதை ஒழிப்பு உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா, அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

இனி மாணவனின் கேள்விக்கு வருகிறேன்.

மேல்நாடுகளில் தோல் ஆயுதங்களைச் சேகரிப்போர் உண்டு. தையலைப் பார்க்கிறார்கள், எடையைப் பார்க்கிறார்கள், செய்த கடையின் முத்திரையைத் தேடுகிறார்கள். செய்தவன் பெயர் கிடைக்கிறது; பட்டவன் பெயர் கிடைப்பதில்லை. அப்படிச் சேகரித்தால் அது வேட்டைக்காரன் வீட்டுச் சுவரில் மாட்டிய மான்கொம்பு. சேகரிப்பது தவறென்று நான் கூறவில்லை. கிட்டியை எரித்துவிட்டால், கிட்டியே இருந்ததில்லை என்று சொல்ல நாளை ஒருவன் வருவான். ஆகவே சேகரிப்போம்! ஆனால் சவுக்குக்குப் பக்கத்தில், நேரில் வந்த அந்த 519 பேரின் முறையீட்டையும் வைப்போம். வாளைக் காட்டும் கூடத்தில் வாரையும் காட்டுவோம். தன் கை செய்ததைத் தானே காட்டும் துணிவு ஓர் அரசுக்கு வரவேண்டும். வரவழைக்க வேண்டியவர்கள் நாம்.

"வைக்கவேண்டும் தம்பி, யார் பிடித்தது, யார் பட்டது என்று எழுதி வைக்கவேண்டும். முதலில் உன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா" என்றேன்.

அவன் வாரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மேசைமீது மிஞ்சிய பிரம்பைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அண்ணாந்தாளும் கோதண்டமும் நம் திண்ணைப் பள்ளிகளிலும் இருந்த தண்டனைகள்தாமே! பள்ளியில் உடல் தண்டனை கூடாதென்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைப் பாடமாக நடத்திய நானே பிரம்பையும் வைத்திருந்தேன். அடித்ததில்லை, மிரட்டத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தலையாரியும் அப்படித்தான் சொல்லியிருப்பார்!

அன்று மாலை அந்தப் பிரம்பில் 'இதைப் பிடித்தவன்' என்று எழுதி, என் பெயரையும் ஆண்டையும் சேர்த்தேன். அதை அவனிடமே கொடுத்துவிட்டேன். அவன் சேகரிப்பில் அது இரண்டாவது பொருள்.