பழைய மென்பொருளில் சர்வர் சான்றிதழ் சரிபார்ப்பு: 2014 என்ஐசி நிகழ்வும் அதன் முன்பின்னும்

பாதுகாப்பான இணைப்பில் சர்வர் நீட்டும் சான்றிதழை ஏற்பதா மறுப்பதா என்பதைப் பயனரின் கணினியில் உள்ள மென்பொருளே முடிவு செய்கிறது. அதற்கு அது மூன்றைப் பார்க்க வேண்டும். சான்றிதழின் கையொப்பச் சங்கிலி, தான் நம்பும் மூலச் சான்றிதழ் ஒன்றில் போய் முடிகிறதா? சான்றிதழில் உள்ள பெயர், நாடிச் சென்ற தளத்தின் பெயர்தானா? காலாவதியாகாமலும் ரத்தாகாமலும் இருக்கிறதா? இவற்றுக்கான விடை மென்பொருளின் வயதுக்கேற்ப மாறும். சர்வரில் எதுவும் மாறாதபோதும் பழைய கணினியில் இணைப்பு அறுந்துபோவதும், ஏற்கக்கூடாததை அது ஏற்றுக்கொள்வதும் இதனால்தான்.

நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்எஸ்எல் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பை 1995இல் வெளியிட்டது. 1999இல் அது டிஎல்எஸ் என்ற பெயரில் பொதுத் தரமாயிற்று. தளப் பெயரை ஒப்பிட்டே தீர வேண்டும் என்ற விதி 2000ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. உலாவிகள் அதைக் கடைப்பிடித்தன. பிற மென்பொருள்கள் பெரும்பாலும் கோட்டை விட்டன. பரவலாகப் பயன்பட்ட ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் சங்கிலியைச் சோதித்துத் தந்ததே ஒழிய, பெயர் ஒப்பீட்டை நிரல் எழுதுபவர் தலையில் விட்டுவிட்டது. அதற்கென்று ஆயத்தச் செயல்கூறு வந்தது 2015இல் வெளியான 1.0.2 பதிப்பில்தான்.

இந்தக் குறையின் ஆழத்தை 2012இல் டான் போனே, விடாலி ஷ்மாட்டிகோவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அம்பலப்படுத்தியது. அதில் வரும் கர்ல் நூலகத்தின் எடுத்துக்காட்டு பாடமாகவே வைக்கத்தக்கது. அந்நாளில் பெயர் ஒப்பீட்டுக்கான அமைப்பில் 2 என்று இட்டால்தான் முழுச் சோதனை நடந்தது. நிரலாளர்களோ 'ஆம்' என்ற பொருளில் ட்ரூ என்று எழுதினார்கள். கணினி அதை 1 என்று எடுத்துக்கொண்டது. 1 என்றால் சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருந்தால் போதும் என்று அப்போது பொருள். பூட்டிவிட்டதாக எண்ணிய கதவு திறந்தே கிடந்தது. பைத்தான் மொழியின் நிலை இன்னும் மோசம்: 2014 டிசம்பரில் வந்த 2.7.9 பதிப்புக்கு முன், அதனுடன் வந்த இணைய நூலகங்கள் தாமாக எந்தச் சான்றிதழையும் சோதிக்கவில்லை.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் சான்றளிப்போர் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் அமைந்து, நாட்டுக்கென ஒரு மூலச் சான்றிதழ் உருவானது. தேசியத் தகவலியல் மையமான என்ஐசி, அதன்கீழ் உரிமம் பெற்ற சான்றளிப்பாளர்களில் ஒன்றாக இருந்தது. இந்த மூலச் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் சேர்த்திருந்தது. ஃபயர்ஃபாக்ஸின் பட்டியலில் அது இருக்கவில்லை. ஆகவே ஒரே அரசுத் தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் சத்தமின்றித் திறந்தது, ஃபயர்ஃபாக்ஸில் எச்சரிக்கை காட்டியது. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரத்தின் தோல், காலணி ஏற்றுமதி அலுவலகங்களுக்கு அயல்வணிக இயக்ககம், சுங்கத்துறை ஆகியவற்றின் தளங்கள் அன்றாடத் தேவை. அங்கே டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். அந்நாளில் பல தளங்களில் அது உலாவிக்குள் இயங்கும் சிறு நிரலான ஜாவா அப்லெட் வழியாகவே நடந்தது. வேலை நின்றுவிடக் கூடாது என்றால் பழைய உலாவியையும் பழைய ஜாவாவையும் அப்படியே விட்டுவைப்பதே வழி என்ற நிலையை அந்த ஏற்பாடே உண்டாக்கியது. இதைப் பயனரின் அசட்டை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

2014 ஜூலை 2 அன்று, கூகுளின் தளப் பெயர்களுக்கு என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்கள் வழியாக அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் கண்டறிந்தது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். சான்றளிக்கும் நடைமுறை ஊடுருவலுக்கு உள்ளானதாகவும், முறைகேடான சான்றிதழ்கள் 4 என்றும் அவர் தரப்பு தெரிவித்தது: கூகுளுக்கு 3, யாகூவுக்கு 1. அந்த நான்கில் அடங்காதவையும் தனக்குத் தெரியும் என்ற கூகுள், தன் குரோம் உலாவியில் இந்திய மூலச் சான்றிதழின் செல்லுபடியை அரசுத் தளங்கள் உள்ளிட்ட சில முகவரிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. மைக்ரோசாஃப்ட் ஜூலை 10 அன்று 45 சான்றிதழ்களை நம்பத்தகாதவை என்று அறிவித்தது.

இங்கேதான் மென்பொருளின் வயது குறுக்கே வருகிறது. விண்டோஸ் 8இல் நம்பத்தகாத சான்றிதழ்களின் தடைப்பட்டியல் தானாகவே புதுப்பிக்கப்பட்டது. விஸ்டாவுக்கும் விண்டோஸ் 7க்கும் 2012இல் வந்த ஒரு கூடுதல் பொதியை நிறுவியிருந்தால் அந்த வசதி கிடைத்தது. விண்டோஸ் சர்வர் 2003க்குத் தனித் திருத்தம் சில நாள் கழித்தே வந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அதுவும் இல்லை. அதன் ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரல் 8 அன்றே முடிந்திருந்தது. எக்ஸ்பியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ரத்துச் சோதனையும் இயல்பாக அணைந்தே இருந்தது. ஆகவே டெல்லியில் நடந்த ரத்து, எக்ஸ்பி கணினியைத் தானாக எட்ட வழியே இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, ஏற்க வேண்டியதை மறுக்கும் சிக்கல் 2021 செப்டம்பர் 30 அன்று எழுந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றளிப்பாளரின் சான்றிதழ்களைத் தாங்கிய பழைய மூலச் சான்றிதழ் ஒன்று அன்று காலாவதியானது. பழைய ஆண்ட்ராய்டு போன்கள் கைவிடப்படக் கூடாதே என்று, காலாவதியாகும் அந்த மூலத்தைச் சுட்டும் சங்கிலியைச் சர்வர்கள் தொடர்ந்து அனுப்பின. ஆண்ட்ராய்டு மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை என்பதால் அந்த உத்தி பலித்தது. ஆனால் ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2, புதிய மூலச் சான்றிதழ் தன் பட்டியலில் இருந்தபோதும், சர்வர் தந்த சங்கிலியையே பிடித்துக்கொண்டு போய்க் காலாவதியானதில் முட்டி நின்றது. காலாவதியான மூலத்தைப் பட்டியலிலிருந்து நீக்கியதும் இணைப்பு சரியானது.

இத்தகைய தடங்கலின்போது பலர் கையாளும் குறுக்குவழி, சரிபார்ப்பையே அணைத்துவிடுவது. அப்போதும் தரவு மறையாக்கப்பட்டே செல்லும். ஆனால் யாரிடம் செல்கிறது என்ற உறுதி போய்விடும். வரிக் கணக்கும் ஏற்றுமதி ஆவணமும் செல்லும் இணைப்பில் இது பெரும் ஆபத்து. அணைப்பதற்குப் பதிலாக, முதலில் கணினியின் தேதியைப் பார்க்க வேண்டும். பிறகு சங்கிலியில் எந்த இடத்தில் பிழை என்பதைக் கண்டறிய வேண்டும். ஜாவா தனக்கென வேறு நம்பிக்கைப் பட்டியல் வைத்திருப்பதால், விண்டோஸில் சேர்த்த சான்றிதழ் பொதுவாக அதற்குத் தெரியாது. மென்பொருளை மாற்றவே முடியாத இடத்தில், தேவைப்படும் மூலச் சான்றிதழை மட்டும், அதன் கைரேகை எண்ணை நம்பகமான வேறொரு வழியில் ஒப்பிட்ட பின் சேர்ப்பதே தகும்.