சக்கரம் உட்பக்கம் சாய்ந்த கதை

1930களின் கார் ஒன்றை முன்னாலிருந்து எடுத்த புகைப்படம் கிடைத்தால், அதன் முன்சக்கரங்களை மட்டும் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் மேல்விளிம்பு வெளியே தள்ளி, கீழ்விளிம்பு உள்ளே ஒடுங்கி நிற்கும். இன்றைய ரேஸ் கார் ஒன்றை அதே இடத்தில் நின்று பார்த்தால் எல்லாம் நேர்மாறு. மேல்விளிம்பு உள்ளே, கீழ்விளிம்பு வெளியே.

கோவையில் அலைன்மென்ட் பட்டறை நடத்திப் பிழைக்கிறவன் நான். ரேஸ் சீசனில் டிராக்குக்கும் போவேன். மெஷின் திரையில் பச்சை வந்தால் சரி, சிவப்பு வந்தால் தப்பு என்ற அளவில் தொழில் கற்றுக்கொண்ட பையன்கள் வேலை கேட்டு வருகிறார்கள். கெட்டிக்காரப் பையன்கள்தான். ஆனால் அந்தப் பச்சையை யார், எதற்காக அங்கே வைத்தார்கள் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களுக்கு டீ நேரத்தில் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே கோர்வையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கதை குதிரை வண்டியில் தொடங்குகிறது. ஐரோப்பியச் சாரட்டுகளின் சக்கரம் தட்டையாக இருக்காது. குடத்திலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள் வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து வட்டையில் போய் இறங்கும். குதிரை நடக்கும்போது வண்டி இடமும் வலமும் அசையும். அந்தப் பக்கவாட்டு இடியைத் தாங்க இந்தக் குழிவு தேவைப்பட்டது. ஆனால் அப்படிப்பட்ட சக்கரத்தை நேராக மாட்டினால், பாரம் இறங்கும் கீழ் ஆரக்கால் சாய்வாக நின்று சீக்கிரம் முறியும். ஆகவே தச்சர்களும் கொல்லர்களும் அச்சின் முனையைக் கீழ்நோக்கி வளைத்தார்கள். சக்கரம் மேலே வெளிப்பக்கம் சாய்ந்தது, தரைமேல் நிற்கும் ஆரக்கால் செங்குத்தானது. இன்று நாம் பாசிட்டிவ் கேம்பர் என்று சொல்வது இதுதான். சாய்ந்த சக்கரம் வெளியே ஓடப் பார்த்துக் கடையாணியை நெருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் அச்சு முனையைக் கொஞ்சம் முன்னோக்கியும் திருப்பிவைத்தார்கள். சக்கரங்களின் முன்விளிம்புகள் சற்று உள்நோக்கி ஒடுங்கின. டோ-இன்னும் வந்துவிட்டது. காரே பிறக்காத காலம் அது.

திருப்பத்தில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும் என்ற ஏற்பாடும் சாரட்டுக்காரர்கள் கண்டதே. மியூனிக்கில் வண்டி கட்டிய கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் அதை உருவாக்கினார். லண்டனில் அவருடைய ஏஜென்டாக இருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் 1818ல் பேடன்ட் வாங்கினார். இன்றுவரை அது ஆக்கர்மன் ஸ்டீயரிங். உழைத்தவன் பெயர் ஏட்டில் இல்லாமல் போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

மோட்டார் கார் வந்தபோது குதிரை போனது, அச்சு போகவில்லை. முன்பக்கம் ஒரே இரும்பு அச்சு, இரு முனையிலும் சக்கரம் திரும்புவதற்கான ஆணியாகக் கிங் பின். பவர் ஸ்டீயரிங் கிடையாது. கிங் பின்னின் கோட்டுக்கு எவ்வளவு அருகில் டயர் தரையைத் தொடுகிறதோ அவ்வளவு லேசாக ஸ்டீயரிங் திரும்பும். சக்கரத்தை வெளியே சாய்த்தால் அடிப்பாகம் அந்தக் கோட்டை நெருங்கும். நடுவில் மேடும் ஓரத்தில் சரிவுமாகப் போட்ட சாலைகளுக்கும் அந்தச் சாய்வு ஒத்துப்போனது. டயரும் அப்போது ஒல்லியாக, உருண்டையாக இருந்தது. சாய்ந்தாலும் பிடிப்பில் பெரிய நஷ்டமில்லை. தொல்லை ஒன்றே ஒன்றுதான். ஒரு ரூபாய் நாணயத்தை மேசையில் உருட்டிவிட்டால் அது சாய்கிற பக்கமே வளைந்து ஓடும் அல்லவா, அப்படி இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிக்கத்தான் டோ-இன். பழைய மெக்கானிக்குகள் எந்த வண்டி வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் டோ-இன் வைப்பது அந்த நாளைய பழக்கம். நோய் போய்விட்டது, மருந்து மட்டும் கைப்பழக்கமாக நின்றுவிட்டது.

1934ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களின் முன்சக்கரங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தது. கேடிலாக்கில் அந்த வேலையை முன்னின்று செய்தவர் ரோல்ஸ் ராய்ஸிலிருந்து போன மாரிஸ் ஆலி. ஒரே அச்சில் இரண்டு சக்கரமும் இருந்தால், ஒன்று மேட்டில் ஏறும்போது மற்றதும் சாயும். வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது தானாகத் திரும்பும். முன்பக்கமே படபடவென்று ஆடும். பிரித்துவிட்டதால் அந்த ஆட்டம் நின்றது. ஆனால் புதிதாக ஒன்று வந்தது. அதுவரை கேம்பர் கொல்லன் வளைத்தபடி கிடந்த ஒரு கோணம். இனி ஸ்பிரிங் ஏறி இறங்க ஏறி இறங்க அதுவும் மாறும்.

மாறினால் என்ன ஆகும் என்பதைப் பின்சக்கரங்கள் காட்டின. ஸ்விங் ஆக்சில் என்றொரு அமைப்பு. டிஃபரன்ஷியல் பெட்டியை உடம்போடு இறுக்கிவிட்டு, அதன் இரு பக்கமும் அரை அச்சுகள் மேலும் கீழும் ஆடும்படி விடுவார்கள். மலிவு, எளிமை. ஆனால் வேகமாகத் திருப்பும்போது பின்பக்கம் மேலே எழும்பினால் வெளிச்சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்கிக்கொள்ளும். பிடிப்பு சட்டென்று போய், வண்டி பின்பக்கமாகச் சுழலும். மெர்சிடஸ் கம்பெனியின் 1934ஆம் ஆண்டு கிராண்ட் பிரி காருக்கு இந்த அச்சுதான். 1936ல் அவர்களுக்குத் தோல்விமேல் தோல்வி. ருடால்ஃப் ஊலன்ஹாட் என்ற இளம் இன்ஜினியர் தானே காரை நூர்பர்க்ரிங்கில் ஓட்டிப் பார்த்தார். அடுத்த வருடம் வந்த டபிள்யூ 125 காரில் ஸ்விங் ஆக்சில் இல்லை. இரண்டு பின்சக்கரத்தையும் நிமிர்த்தியே வைத்திருக்கும் டி டியான் அச்சு இருந்தது. காகிதத்தில் கணக்குப் போடுகிறவர் ஸ்டீயரிங்கையும் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள். ஊலன்ஹாட் கதையைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

ரேஸில் கற்ற பாடம் தெருவுக்கு வர வெகுகாலம் ஆனது. 1960 மாடலாக அமெரிக்காவில் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே கார்வேருக்கு இன்ஜின் பின்னால், அச்சு ஸ்விங் ஆக்சில். அதை அடக்கிவைக்க முன்டயருக்கு 15 பி.எஸ்.ஐ., பின்டயருக்கு 26 பி.எஸ்.ஐ. காற்று என்று கம்பெனி எழுதிவைத்தது. பெட்ரோல் பங்க்கில் யார் அப்படிப் பிடிக்கப் போகிறார்கள்? கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி ரால்ஃப் நேடர் 1965ல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியது. அவரை வேவு பார்த்ததற்காக ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் 1966ல் செனட் குழு முன்னால் மன்னிப்புக் கேட்டார். 1972ல் வந்த அரசாங்க அறிக்கை, இந்தக் கார் அந்தக் காலத்துப் பிற கார்களைவிட மோசமில்லை என்றது. ஆனால் கம்பெனியே 1965 மாடலில் அச்சை மாற்றிவிட்டிருந்தது. என்னைக் கேட்டால் அந்த மாற்றம்தான் தீர்ப்பு.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் இங்கே தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் தம்பி. அதற்கும் பின்னால் ஸ்விங் ஆக்சில்தான். ஜாக்கி போட்டு ஹெரால்டின் பின்பக்கத்தைத் தூக்கினால் இரண்டு சக்கரமும் அடிப்பாகம் உள்ளே மடங்கித் தொங்கும். ஜாக்கியை இறக்கியபின்னும் அப்படியே நிற்கும். நாலு அடி தள்ளிவிட்ட பிறகுதான் நேராகும். எழுபதுகளில் வந்த ஸ்டாண்டர்டு கேஸலில் அந்த அச்சை எடுத்துவிட்டுச் சாதாரண முழு அச்சைப் போட்டார்கள். நம் ரோட்டுக்கும் நம் மெக்கானிக்குகளுக்கும் ஸ்விங் ஆக்சில் ஒத்துவரவில்லை.

சரி, சக்கரம் எப்போது உள்ளே சாய்ந்தது? டயர் அகலமானபோது. அறுபதுகளின் பிற்பாதியில் ரேஸ் டயர்கள் வருடாவருடம் அகன்றன. 1971ல் பார்முலா ஒன்னில் கோடு இல்லாத ஸ்லிக் டயர் வந்தது. அகலமான தட்டை டயர் கொஞ்சம் சாய்ந்தாலும் பாதி ரப்பர் தரையை விட்டுவிடும். திருப்பத்தில் கார் உடம்பு வெளிப்பக்கம் சாயும், சக்கரத்தையும் கூடவே சாய்க்கும். பாரம் முழுவதும் வெளிச்சக்கரத்தில் இறங்கும் அந்த நேரத்தில் அது தரைக்கு நேராக நிற்க வேண்டுமானால், நிற்கும்போதே உட்பக்கம் சாய்த்து வைத்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் நெகட்டிவ் கேம்பர். நேர்சாலையில் அது நஷ்டம்; திருப்பத்தில் லாபம். இந்த வரவு செலவைப் பார்ப்பதுதான் ரேஸ் அலைன்மென்ட். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் மாதிரி இடப்பக்கமே திரும்பும் ஓவல் டிராக்கில் கணக்கு இன்னும் வேடிக்கை. அங்கே வலச்சக்கரத்துக்கு நெகட்டிவ், இடச்சக்கரத்துக்கு பாசிட்டிவ். நான்கு சக்கரமும் ஒரே பக்கம் தலை சாய்த்து நிற்கும்.

எனக்கு வேலை கற்றுத்தந்த மேஸ்திரி சோழவரத்தில் தொடங்கியவர். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தியது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் வந்தது. எங்கள் ஊர் எஸ். கரிவரதன் 1980களின் கடைசியில் மாருதி இன்ஜினை வைத்துப் பார்முலா மாருதி காரை உருவாக்கினார். பின்னாளில் பார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டிப் பழகிய கார்களில் அதுவும் ஒன்று. கரிவரதன் 1995ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

அந்த நாளில் டிராக்கில் கம்ப்யூட்டர் ஏது? நூல்தான், சில இடங்களில் இன்றும் நூல்தான். முதலில் தரைமட்டம். நான்கு சக்கரத்துக்கும் ரசமட்டம் வைத்து, தேவையான இடத்தில் தகடு கொடுப்போம். ஓட்டுகிறவர் எடைக்கு மணல் மூட்டையை சீட்டில் வைப்போம். அது இல்லாமல் எடுத்த அளவு செல்லாது. டயருக்கு அடியில் இரண்டு இரும்புத் தகடு, நடுவில் கிரீஸ். டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தால் சஸ்பென்ஷன் தன் இடத்துக்கு வராது. பிறகு காரின் இரு பக்கமும் ஸ்டாண்டில் நைலான் நூல் கட்டி, நூல் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக வரும்வரை நகர்த்துவோம். ரிம்மின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் ஸ்டீல் ஸ்கேல் வைத்து நூலுக்கு உள்ள தூரத்தைப் படித்தால் வித்தியாசம்தான் டோ. கேம்பருக்குத் தூக்குக்குண்டு. மேலும் கீழும் 330 மி.மீ. இடைவெளியில் அளந்தால், 1 டிகிரிக்கு ஏறக்குறைய 5.8 மி.மீ. வித்தியாசம் வரும். மேஸ்திரி ஸ்கேலை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். நூலில் விரல் பட்டால் மறுபடி முதலிலிருந்து.

விஷ்போன் வைத்த பார்முலா காரில் ஷிம் எடுத்தோ வைத்தோ, ராட் எண்டைத் திருகியோ கோணத்தை மாற்றலாம். சலூன் கார் அப்படியில்லை. அமெரிக்கரான ஏர்ல் மெக்ஃபெர்சன் பெயரிலுள்ள ஸ்ட்ரட் 1950ல் பிரிட்டனின் ஃபோர்டு கான்சலில் வந்தது. மலிவாகவும் இடம் அடைக்காமலும் இருந்ததால் உலகத்தையே பிடித்துக்கொண்டது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800க்கும் முன்னால் அதுதான். அதில் டை ராடைத் திருகி டோவை மாற்றலாம். கேம்பர் கம்பெனி கொடுத்தபடி. மேலும், உடம்பு சாயும் அளவுக்கு ஸ்ட்ரட் தன் சக்கரத்தை நிமிர்த்திக்கொடுக்காது. அதனால் ரேஸுக்கு முதலிலேயே கூடுதல் கேம்பர் வேண்டும். ஸ்ட்ரட்டின் மேல்முனையில் நகரும் தகடு போடுவது, போல்ட் துளையை அரத்தால் நீட்டுவது எல்லாம் அதற்காகக் கண்டுபிடித்த வழிகள்.

எவ்வளவு டிகிரி என்பதை டயர்தான் சொல்லும். கார் பிட்டுக்குள் வந்த கையோடு டயரின் உட்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூன்றிலும் பைரோமீட்டர் ஊசியைக் குத்திச் சூடு பார்க்க வேண்டும். உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சற்றுச் சூடாக இருந்தால் நல்லது. ரொம்பச் சூடென்றால் கேம்பர் அதிகம். டயர் சொல்வதைப் பெரிய இடத்திலும் சில சமயம் கேட்பதில்லை. 2011ல் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் ரெட் புல் அணி, டயர் கம்பெனியான பிரெல்லி பரிந்துரைத்த 4 டிகிரியைத் தாண்டி முன்சக்கரத்தைச் சாய்த்திருந்தது. தகுதிச்சுற்றிலேயே முன்டயர்களின் உட்தோள் கொப்பளித்துவிட்டது. அணியின் ஓட்டுநர் வெட்டல் ரேஸை ஜெயித்தார், அணியினர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பின் டயர் கம்பெனி சொல்லும் அளவைத் தாண்டக்கூடாது என்பது விதியானது. 2020ல் மெர்சிடஸ் ஸ்டீயரிங்கையே முன்னும் பின்னும் தள்ளி இழுத்து, ஓடும்போதே டோவை மாற்றும் ஏற்பாட்டோடு வந்தது. அந்த வருடம் அனுமதித்தார்கள், அடுத்த வருடம் தடை.

இதையெல்லாம் யூடியூபில் பார்த்துவிட்டு, தெருவில் ஓட்டும் வண்டியை இறக்கி, சக்கரத்தையும் சாய்த்துத் தரச்சொல்லிக் கேட்கிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. திருப்பத்துக்காகச் சாய்த்த சக்கரம் அவிநாசி ரோடு சிக்னலில் நின்று நின்று போகும்போது டயரின் உட்பக்கத்தைத்தான் தின்னும். அந்தத் தேய்மானம் குனிந்து பார்த்தால் தவிரக் கண்ணில் படாது. கம்பி தெரியும்வரை ஓட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு. மழையில் பிரேக் பிடிக்கும்போதும் தரையில் பதிய வேண்டிய ரப்பர் குறைவாகவே இருக்கும்.

அலைன்மென்ட் பார்க்கப் போகும்போது இரண்டு விஷயம் மறக்காதீர்கள். முதலில் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ் மூன்றையும் வண்டியைத் தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் ஆட்டம் இருந்தால் அலைன்மென்ட் செய்து பயனில்லை. இரண்டாவது, வேலைக்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டையும் அச்சடித்த தாளாகக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் பட்டறையில் பணம் கொடுக்க வேண்டியதில்லை.