சிக்னேச்சர் பிக்கப் (மின்கிதார்)

சிக்னேச்சர் பிக்கப் என்பது, ஓர் இசைக்கலைஞரின் விருப்பத்திற்கேற்ப வடிவமைக்கப்பட்டு, அவருடைய பெயரிலோ அவருடன் தொடர்புபடுத்தியோ விற்கப்படும் மின்கிதார் பிக்கப் ஆகும். தந்தியின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் உறுப்பே பிக்கப் எனப்படுகின்றது. இதனைத் தமிழில் ஒலியெடுப்பி எனலாம். இவ்வகைப் பிக்கப்கள் கலைஞர்களின் பெயரால் பிரித்தறியப்பட்டாலும், அவற்றின் தொழில்நுட்ப வேறுபாடுகள் காந்தம், கம்பிச்சுருள், காந்தமுனையின் வடிவம், உள்ளமைந்த மின்சுற்று ஆகிய நான்கினுள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் மின்கிதாரிலும் மின்மேண்டலினிலும் கருநாடக இசை வாசிக்கப்படுவதால், கமகத்திற்கு எவ்வகைப் பிக்கப் பொருந்தும் என்பதும் இவ்வேறுபாடுகளைச் சார்ந்த ஒரு கேள்வியாகும்.

இயங்கும் முறை

பிக்கப்பில் ஒரு நிலைக்காந்தமும் அதனைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பியும் உள்ளன. காந்தம் தனக்கு மேலுள்ள எஃகுத் தந்தியைச் சிறிதளவு காந்தமாக்குகின்றது. தந்தி அதிரும்போது சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்பாயம் மாறுகின்றது. மைக்கேல் ஃபாரடே 1831 இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதியின்படி, இம்மாற்றம் சுருளில் ஒரு சிறிய மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கின்றது. மின்பெருக்கி அதனை உயர்த்தி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றது. பித்தளை, நைலான் தந்திகள் காந்தத்திற்கு உட்படாதவை ஆதலால் இவ்வகைப் பிக்கப் அவற்றின் அதிர்வை எடுப்பதில்லை.

வரலாறு

ஜார்ஜ் போஷாம்ப் 1931 இல் உருவாக்கிய பிக்கப், ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் "வறுசட்டி" எனப் பெயர்பெற்ற மடிக்கிதாரில் இடம்பெற்றது. கிப்சன் நிறுவனம் 1936 இல் வெளியிட்ட ஈ.எஸ்-150 கிதாரில் தந்திகளின் குறுக்கே ஓர் எஃகுத் தகட்டைக் கொண்ட பிக்கப் பொருத்தப்பட்டது. ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் இக்கிதாரை வாசித்துப் புகழ்பெற்றதால், அது "சார்லி கிறிஸ்டியன் பிக்கப்" என்றே அழைக்கப்படலாயிற்று. கலைஞர் ஒருவரின் பெயரால் அறியப்பட்ட தொடக்ககாலப் பிக்கப் இதுவாகும். எனினும் இது அவருக்காக வடிவமைக்கப்பட்டதன்று.

கிப்சனின் பொறியாளர் சேத் லவர் 1955 இல் இரட்டைச்சுருள் பிக்கப்பிற்குக் காப்புரிமை கோரினார். இது ஹம்பக்கர் எனப்படுகின்றது. காப்புரிமை 1959 இல் வழங்கப்பட்டது. இடைக்காலத்தில் செய்யப்பட்டவற்றின் அடியில் "காப்புரிமை கோரப்பட்டுள்ளது" என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் ஒட்டப்பட்டிருந்தமையால், அவை பி.ஏ.எஃப். என்னும் சுருக்கப் பெயர் பெற்றன.

கிதாரில் ஏற்கனவே உள்ள பிக்கப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தும் வழக்கம் 1970களில் பரவியது. டிமார்சியோவின் "சூப்பர் டிஸ்டார்ஷன்" 1972 இல் வெளிவந்தது. சீமோர் டங்கன், ஈ.எம்.ஜி. ஆகிய நிறுவனங்கள் 1976 இல் தொடங்கப்பட்டன. ஃபெண்டர் தனது முதல் சிக்னேச்சர் கிதாரான எரிக் கிளாப்டன் ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1988 இல் வெளியிட்டது. அதில் லேஸ் சென்சர் பிக்கப்களும் இடைநிலை ஒலிகளை உயர்த்தும் மின்சுற்றும் இருந்தன.

தொழில்நுட்ப வேறுபாடுகள்

காந்தம்

அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்புடன் சேர்த்துச் செய்யப்படும் அல்னிக்கோ, ஃபெரைட் எனப்படும் செராமிக் ஆகிய இரண்டும் பரவலாகப் பயன்படும் காந்தங்களாகும். அல்னிக்கோவில் இரண்டாம் வகை வலிமை குறைந்தது. ஐந்தாம் வகை வலிமை மிக்கது. அல்னிக்கோ-5 தண்டு ஒன்றின் முனையில் காந்தப்புலம் ஏறத்தாழ 1000 காஸ் அளவில் இருக்கும். ஒப்பீட்டுக்கு, பழனி மலையிலுள்ள கொடைக்கானல் ஆய்வகத்தில் அளக்கப்பட்ட புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 0.4 காஸ் மட்டுமே.

செராமிக் காந்தம் கடுமையான ஒலியைத் தரும் என்பது பொதுவான கருத்து. எனினும் செராமிக் காந்தமுடைய பிக்கப்கள் பெரும்பாலும் அதிகச் சுற்றுகளுடன் செய்யப்படுவதால், அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி சுருளைச் சார்ந்ததேயாகும். வலிமை மிக்க காந்தத் தண்டுகள் தந்திக்கு மிக அருகில் இருந்தால் தந்தியை ஈர்த்து, சுருதியில் நடுக்கத்தையும் ஒலியின் நீட்சியில் குறைவையும் உண்டாக்கும்.

கம்பிச்சுருள்

சுற்றுகள் கூடும்போது மின்னழுத்தமும் சுருளின் மின்தூண்டமும் கூடுகின்றன. மின்தூண்டமானது கிதார் வடத்தின் மின்கொண்மத்துடன் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு அதிர்வெண்ணைத் தருகின்றது. அந்த அதிர்வெண்ணுக்கு அருகிலுள்ள ஒலிகள் மேலோங்கும்; அதற்கு மேற்பட்டவை விரைவாகக் குறையும். பிக்கப் "பிரகாசமானது" என்றும் "மங்கலானது" என்றும் கூறப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணமாகும்.

ஐந்து மீட்டர் வடத்தையும் சேர்த்து மொத்த மின்கொண்மம் 600 பைக்கோஃபாரட் எனக் கொண்டால், கணக்கீடு பின்வருமாறு அமையும்.

- ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை ஒற்றைச்சுருள்: ஏறத்தாழ 2.3 ஹென்றி, ஒத்ததிர்வு ஏறத்தாழ 4300 ஹெர்ட்ஸ்
- பி.ஏ.எஃப். வகை இரட்டைச்சுருள்: ஏறத்தாழ 4.5 ஹென்றி, ஒத்ததிர்வு ஏறத்தாழ 3100 ஹெர்ட்ஸ்
- அதிகச் சுற்றுகளுடைய இரட்டைச்சுருள்: ஏறத்தாழ 8 ஹென்றி, ஒத்ததிர்வு ஏறத்தாழ 2300 ஹெர்ட்ஸ்

வடத்தின் நீளத்தை இரட்டித்தால் இம்மூன்றும் இன்னும் கீழிறங்கும். எனவே வடத்தை மாற்றுவதே சில வேளைகளில் பிக்கப்பை மாற்றியது போன்ற விளைவைத் தரக்கூடும்.

மின்தடை அளவும் வெப்பநிலையும்

விற்பனைப் பட்டியல்களில் பிக்கப்பின் வலிமையைக் குறிக்க, நேர்மின்னோட்டத்திற்கான மின்தடை கிலோ ஓம் அளவில் தரப்படுகின்றது. இது நம்பத்தக்க ஒப்பீடன்று. மெல்லிய கம்பிக்கு ஒவ்வொரு சுற்றிலும் மின்தடை கூடுதல் என்பதால், ஒரே அளவு மின்தடையுடைய இரு பிக்கப்கள் வெவ்வேறு சுற்று எண்ணிக்கையைக் கொண்டிருக்கலாம்.

மேலும் செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுகின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், 10 பாகை குளிரில் 15.0 கிலோ ஓம் காட்டும் ஒரு பிக்கப், சென்னையின் 35 பாகை வெயிலில் ஏறத்தாழ 16.5 கிலோ ஓம் காட்டும். ஒரே நிறுவனத்தின் இரு வேறு பெயருடைய பிக்கப்களுக்கிடையே பட்டியலில் காணப்படும் வேறுபாடு சில வேளைகளில் இதைவிடச் சிறியது. வெப்பநிலையால் சுருளின் சுற்றுகளோ மின்தூண்டமோ மாறுவதில்லை என்பதால் ஒலியில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படுவதில்லை.

காந்தமுனை

பெரும்பாலான பிக்கப்களில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு தண்டு அல்லது திருகு காந்தமுனையாக அமைந்துள்ளது. தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது முனையை விட்டு விலகி, இரு முனைகளுக்கு இடைப்பட்ட பகுதிக்குச் செல்கின்றது. அங்கு ஒலி ஓரளவு குறையலாம். எல்லாத் தந்திகளுக்கும் குறுக்கே ஒரே தகடாக அமைந்த முனையில் இக்குறை இல்லை.

உள்ளமைந்த மின்சுற்று

செயற்படு பிக்கப்களில் குறைந்த சுற்றுகளுடைய சுருளும் ஒரு முன்பெருக்கியும் ஒரே உறைக்குள் உள்ளன. இவை 9 வோல்ட் மின்கலத்தால் இயங்குகின்றன. முன்பெருக்கி இருப்பதால் வடத்தின் நீளம் ஒலியைப் பெரிதும் பாதிப்பதில்லை. மின்கலம் தீர்ந்தால் ஒலி நின்றுவிடும் என்பது இவற்றின் குறைபாடாகும்.

சில சிக்னேச்சர் பிக்கப்கள்

- ஜே.பி. (சீமோர் டங்கன்): 1970களில் ஜெஃப் பெக்கின் கிதாருக்காக டங்கன் செய்த பிக்கப்பிலிருந்து உருவானது. அல்னிக்கோ-5 காந்தம், மெல்லிய கம்பி, ஏறத்தாழ 16 கிலோ ஓம்.
- எவல்யூஷன் (டிமார்சியோ): ஸ்டீவ் வாய்க்காகச் செய்யப்பட்டது. பாலப்பகுதிக்கானதில் செராமிக் காந்தம், ஏறத்தாழ 13.8 கிலோ ஓம். மின்தடை ஜே.பி.யைவிடக் குறைவாயினும் இதுவும் வலிமை மிக்க பிக்கப்பாகவே கருதப்படுகின்றது.
- கிரஞ்ச் லேப், லிக்விஃபயர் (டிமார்சியோ): ஜான் பெட்ரூச்சிக்கான இணை. பாலப்பகுதிக்கான கிரஞ்ச் லேப்பில் ஒரு சுருளில் தகடும் மற்றதில் தனித்தனி முனைகளும் உள்ளன.
- டைம்பக்கர் (சீமோர் டங்கன்): டைம்பேக் டாரலுக்கானது. செராமிக் காந்தம், இரு சுருள்களிலும் தகட்டு முனைகள்.
- ஒய்.ஜே.எம். ஃபியூரி (சீமோர் டங்கன்): இங்வே மால்ம்ஸ்டீனுக்கானது. ஒற்றைச்சுருளின் அளவிற்குள் இரு சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இரைச்சல் நீக்கப்படுகின்றது.
- டி.ஜி.20 (ஈ.எம்.ஜி.): டேவிட் கில்மர் பயன்படுத்திய அமைப்பைப் பின்பற்றியது. மூன்று செயற்படு பிக்கப்களுடன், ஒலியின் தன்மையை மாற்றும் இரு கட்டுப்பாட்டுச் சுற்றுகளும் உள்ளன.
- ஜே.எச். ஹெட் செட் (ஈ.எம்.ஜி.): ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்காக 2009 இல் வெளியான செயற்படு இணை.
- ஃப்ளூயன்ஸ் (ஃபிஷ்மன்): சுற்றப்பட்ட கம்பிக்கு மாற்றாக, அடுக்கடுக்கான அச்சுச் சுற்றுப் பலகைகளே சுருளாகப் பயன்படுகின்றன. டோசின் அபாசி, டெவின் டவுன்செண்ட் ஆகியோரின் பெயர்களில் வகைகள் வெளிவந்துள்ளன.

இரைச்சல்

ஒற்றைச்சுருள் பிக்கப், அருகிலுள்ள மின்கம்பிகளின் மாறுமின்னோட்ட இரைச்சலையும் எடுத்துக்கொள்கின்றது. ஹம்பக்கரில் இரு சுருள்களும் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்பட்டு, காந்த முனைகளும் எதிரெதிராக வைக்கப்படுவதால், இரைச்சல் நீங்கித் தந்தியின் ஒலி மட்டும் கூடுகின்றது.

அமெரிக்காவில் மின்வழங்கல் 60 ஹெர்ட்சிலும் இந்தியாவில் 50 ஹெர்ட்சிலும் உள்ளது. இங்குக் கேட்கும் இரைச்சலில் 50, 100 ஹெர்ட்ஸ் ஒலிகள் இருக்கும். ஐந்து கட்டைச் சுருதியின் சட்சம் 98 ஹெர்ட்சிலும் அதன் மேற்தாயிகளிலும் அமைகின்றது. 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் இதனைவிடச் சற்றே கூடுதலாக இருப்பதால், தம்புரா ஒலிக்கும் கச்சேரியில் சுருதி பிசகியதுபோல் தோன்றக்கூடும். ஆகவே ராக் இசையைவிடக் கருநாடக இசையில் இரைச்சல் நீக்கம் மிகுந்த முக்கியத்துவம் உடையது.

கருநாடக இசையில்

உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மேண்டலினைக் கருநாடக இசைக்கு ஏற்றதாக மாற்றினார். மேலைநாட்டு மேண்டலினில் நான்கு இணைகளாக எட்டுத் தந்திகள் உள்ளன. ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திகள் ஐந்துடைய மின்மேண்டலினைப் பயன்படுத்தினார். இணைத் தந்திகளை ஒருசேர இழுத்துக் கமகம் காட்டுவது கடினம். மேலும் இயற்கை மேண்டலினின் ஒலி விரைவில் அடங்கிவிடும். பிக்கப்பும் மின்பெருக்கியும் அவ்வொலியை நீளச் செய்ததால் நீண்ட கமகங்கள் இயன்றன.

மின்கிதாரில் சுகுமார் பிரசாத், இராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா ஆகியோர் கருநாடக இசை வாசித்துள்ளனர். பிரசன்னா, ஜிமி ஹென்ட்ரிக்சுக்குக் காணிக்கையாக 2006 இல் "எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்" என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார்.

கமகத்தின் தேவைகள் ராக் கலைஞர்களுக்காகச் செய்யப்பட்ட பிக்கப்களின் நோக்கத்திலிருந்து வேறுபடுகின்றன. வலிமை மிக்க பிக்கப் மின்பெருக்கியை விரைவில் சிதைவொலிக்குக் கொண்டுசெல்லும். சிதைவொலியில் மெல்லிய ஒலி, வலிய ஒலி என்னும் வேறுபாடு குறைந்து, கமகத்தின் நுண்ணிய ஏற்ற இறக்கம் மறைகின்றது. ஒரே மெட்டிலிருந்து தந்தியை இழுத்துப் பல சுரங்களைக் காட்டும்போது ஒலி குறையாதிருக்கத் தகட்டு முனை உதவுகின்றது. ஐந்து தந்திகளுடைய மின்மேண்டலினில் ஆறு முனைகளையுடைய கிதார் பிக்கப்பின் இடைவெளிகள் பொருந்துவதில்லை. அங்கும் தகட்டு முனையே ஏற்றது. ஆகவே கருநாடக இசைக்கு, மிதமான வலிமையும் தகட்டு முனையும் இரைச்சல் நீக்கமும் உடைய பிக்கப் பொருத்தமானது. அதில் எக்கலைஞரின் பெயர் உள்ளது என்பது இரண்டாம் நிலையானதே.

சரசுவதி வீணையில் பித்தளை அல்லது வெண்கலத் தந்திகளும் இருப்பதால், காந்தப் பிக்கப்பிற்கு மாற்றாக, உடலின் அதிர்வை எடுக்கும் அழுத்தமின் வகைத் தொடு ஒலிவாங்கி பயன்படுத்தப்படுகின்றது.

ஒப்பிடும் முறை

இரு பிக்கப்களைச் சரியாக ஒப்பிட, அவை ஒரே கிதாரில், ஒரே இடத்தில், தந்தியிலிருந்து ஒரே தொலைவில் பொருத்தப்பட வேண்டும். தந்திகளும் வடமும் மின்பெருக்கியின் அமைப்பும் மாறாதிருத்தல் வேண்டும். தந்திக்கும் முனைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் வேறுபாடும் ஒலியின் வலிமையைத் தெளிவாக மாற்றும். மனிதச் செவி உரத்த ஒலியையே சிறந்ததென எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. எனவே ஒலியளவைச் சமப்படுத்திய பின்னரே வேறுபாட்டை மதிப்பிட இயலும். மின்தடையைவிட மின்தூண்டமும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணும் தரப்பட்டுள்ள பட்டியல்கள் கூடுதல் பயனுடையவை. ஒரு கலைஞரின் பெயருடைய பிக்கப் அவர் பயன்படுத்திய கருவியின் ஒரு பகுதியை மட்டுமே தரும். அவருடைய விரல்களும் மின்பெருக்கியும் தந்தியும் அதனுள் அடங்குவதில்லை.