காசு ௨௱௫ எப்படி 25 ஆச்சு?

கல்வெட்டுப் பாடங்களிலிருந்து எண்களை மட்டும் பிரிச்செடுக்க, இலக்கம் அல்லாததையெல்லாம் நீக்கினால் போதும்னு நினைச்சேன். ௧ முதல் ௯ வரை யூனிகோடில் தசம இலக்கங்கள். பைத்தான் நேரே எண்ணாக்கிவிடும். ஆனால் ௰ (பத்து), ௱ (நூறு), ௲ (ஆயிரம்) அந்த வகையில் இல்லை. என் நிரல் அவற்றைக் குப்பையென்று வீசிவிட்டது.

யாண்டு ௨௰௫: ௰ போனாலும் 25, சரியான விடை. அதனாலேயே பிழை கண்ணில் படவில்லை. காசு ௨௱௫ என்பது 205. ௱ போனதும் அதுவும் 25! ஒரு தானத்தில் 180 காசு காணோம். பழைய முறையில் சுழியம் கிடையாது, இந்தக் குறிகள்தான் மதிப்பைச் சொல்லும். (தமிழ்ச் சுழியம் ௦ யூனிகோடுக்குள் வந்ததே 2005-இல்தான்.)

இப்போ குறிகளைப் பெருக்கிக் கூட்டுகிறேன். மிச்சம் ஒரு தலைவலி: ௧ வரவேண்டிய இடத்தில் தட்டச்சு செய்தவர் 'க' அடித்திருப்பது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். யாண்டு, காசு, வேலி பக்கத்தில் வரும் ஒவ்வொரு க-வையும் கையால்தான் பார்க்கிறேன்.