பண்புசார் ஆய்வு (பொதுச் சுகாதாரம்)

நோயையும் இழப்பையும் எண்ணுவதோடு நில்லாமல், அவற்றுக்கு ஆளானவர்களிடம் பேசியும் கூட இருந்து பார்த்தும் காரணம் அறியும் முறை. ஆழ்நேர்காணல், குழுக் கலந்துரையாடல், உடனிருந்து நோக்கல் ஆகியன இதன் வழிகள். குழுக் கலந்துரையாடல் 1940களில் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனின் நேர்காணல் பணியிலிருந்து வளர்ந்தது. இலங்கையில், யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையில் அமைந்தது. போரின் காயம் தனிமனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சிதைப்பதை அது காட்டியது.

மலையகத் தோட்டங்களில் சுகாதாரம் என்றால் நெடுங்காலம் கணக்கெடுப்புத்தான். கணக்கு தேவை. 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு நாடளவில் 17 வீதம், தோட்டங்களில் ஏறத்தாழ 32 வீதம். ஆனால் கொழுந்தெடுக்கப் போகும் தாய் கைக்குழந்தைக்கு எப்போது பால் கொடுக்கிறாள் என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும். அதையும் தோட்ட அலுவலகத்தில் வைத்துக் கேட்டால் தோட்ட நிர்வாகியான துரைக்குப் பிடித்த பதிலே வரும். கொழுந்து நிறுத்து முடிந்தபின், கங்காணி இல்லாத இடத்தில், பெண்களிடம் தனியாக, தமிழிலேயே கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகள் எவ்வளவு அவசியம் என்பதற்குப் பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த சாட்சி. 2014 ஒக்டோபர் 29 காலை அங்கே தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள்மீது மலை சரிந்தது. காணாமற்போனோர் முதலில் இருநூறு பேரளவில் என்றார்கள். பின்னர் அத்தொகை நாற்பதுக்கும் கீழே வந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மலையைச் சரியாகவே அளந்திருந்தார்கள்.

பிறகு அங்கிருந்தவர்கள் ஏன் வெளியேறிப் போகவில்லை? அறியாமை என்று சொல்லிவிடுவது அநியாயம். லயக் காம்பராவுக்குக் காணி உறுதி கிடையாது, வேலையோடுதான் இருப்பிடமும். போகச் சொன்னவர்கள் மாற்றுக் காணி தரவில்லை என்பதே உயிர் தப்பியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது. எச்சரிக்கை விடுத்த நாளிலேயே அவர்களை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் இந்தப் பதில் அன்றே கிடைத்திருக்கும்.

தப்பியவர்கள் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களுக்கான 75 வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன.