முத்திரையும் கைகளும்

அமெரிக்காவில் பழைய வெள்ளிப் பாத்திரம் சேகரிப்போர், தேநீர்க் கெண்டி ஒன்று கிடைத்தால் முதலில் அதனைக் கவிழ்த்துப் பார்ப்பர். அடியில் குத்தியுள்ள முத்திரையைக் கொண்டே, இன்னார் செய்தது எனத் துணிந்து விலை கூறுவர். பிரிட்டிஷார் ஆண்ட காலத்தில், லண்டனில் இருந்ததுபோல் வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் நிலையம் அங்கு இல்லை. பட்டறை உரிமையாளரின் முத்திரையே சான்றாக நின்றது.

ஆயினும் முத்திரைக்குரியவரே சுத்தியல் பிடித்தார் என நாம் எண்ணிவிடலாகாது. தென் கரோலினாவின் சார்லஸ்டன் நகரப் பட்டறைகளில் கறுப்பின அடிமைகளும் உழைத்தனர். நாணயங்களை உருக்கித் தகடாக அடித்து, அடிபட்டு இறுகும் தகட்டை மீண்டும் மீண்டும் காய்ச்சி இளக்கிப் பாத்திரமாக்கும் தொழிலில் அவர்கள் தேர்ந்திருந்தனர். இதனை நாம் எவ்வாறு அறிகிறோம்? தப்பியோடியவனைப் பிடித்துத் தருமாறு எசமானர்கள் பத்திரிகையில் கொடுத்த விளம்பரங்களாலும், அவர்கள் இறந்தபின் எழுதப்பட்ட சொத்துப் பட்டியல்களாலுமே! உழைத்தவன் பெயரை ஏடுகளில் தேடிக் களைத்த நமக்கு இது புதிதன்று. அங்கு 1740ஆம் ஆண்டுச் சட்டம், அடிமைக்கு எழுதக் கற்பிப்போருக்கு 100 பவுண்டு அபராதம் விதித்தது.

இவ்விருளில் ஒரு பெயர் தெரிகிறது. டென்மார்க் ஆட்சியிலிருந்த செயின்ட் தாமஸ் தீவில் பிறந்த பீட்டர் பென்ட்சன், ஆப்பிரிக்க வழியினர், அடிமையல்லர். பிலடெல்பியாவில் தொழில் பயின்று, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயின்ட் குரோய் தீவிலும், பின்னர் பிலடெல்பியாவிலும் பட்டறை நடத்தினார். தம் பெயரையே முத்திரையாக வெட்டிக்கொண்டார். அம்முத்திரை தாங்கிய கெண்டியொன்று செயின்ட் லூயிஸ் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது.