பி.எஸ்சி இயற்பியல் படிச்சா என்ன வேலை கிடைக்கும்? ராமநாதபுரம் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. 'இன்ஜினீயரிங்குக்குப் பணம் புரட்ட முடியாது, பக்கத்துல இருக்குற அரசுக் கல்லூரியில பி.எஸ்சி இயற்பியல் சேரலாமா?'னு யோசிக்கிறீங்களா? உடனே வீட்டுல ஒரு கேள்வி வரும்: "அதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?"

இதே கடற்கரையில பிறந்த ஒருத்தருக்கு இந்தக் கேள்விக்கான பதில் தாமதமாகத்தான் தெரிந்தது. ராமேஸ்வரத்திலிருந்து திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்குப் போய் இயற்பியல் படித்தார் அப்துல் கலாம். பட்டம் வாங்கிய பிறகுதான் தன் பாதை பொறியியல் என்று புரிந்ததாக அவரே எழுதியிருக்கிறார். சென்னை எம்.ஐ.டி-யில் சேரப் பணம் கட்ட, அவருடைய அக்கா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். கலாமுக்குப் படிப்பு முடிந்தபின் தெரிந்ததை, நீங்க சேர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்.

எங்கே, எப்படிச் சேர்வது?

ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பெயரில் அரசு கலை அறிவியல் கல்லூரி, பரமக்குடியில் அரசு கலைக் கல்லூரி என மாவட்டத்துக்குள்ளேயே கல்லூரிகள் இருக்கு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 'டிஎன்காசா' இணையதளத்தில்தான் விண்ணப்பிக்கணும். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு இருக்குன்னு அங்கேயே பார்த்துடுங்க.

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிச்சவரா? பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்லூரியில் சேர்ந்ததும் அலுவலகத்தில் கேட்டுப் பதிவு பண்ணிடுங்க.

ஊரே ஒரு லேப்

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தினார்கள். உப்புக்காற்று இரும்பை அரிப்பது மின்வேதியியல். அதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பக்கத்து மாவட்டத்தில், காரைக்குடியில் இருக்கு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகுதே, அதுக்குப் பின்னால் இருப்பது நீங்க ஸ்கூலில் படிச்ச எதிர் எடைதான். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓடுது. புத்தகத்தில் குறைக்கடத்தி பாடம் வரும்போது அதை நினைச்சுக்கோங்க.

மூணு வருஷத்துக்குப் பிறகு?

* ஆசிரியர்: இரண்டு வருட பி.எட் முடிச்சு, 'டெட்' தேர்வில் பாஸ் ஆகணும்.
* மேற்படிப்பு: 'ஜாம்' தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி-க்களில் எம்.எஸ்சி சேரலாம். கடைசி வருஷத்தில் இருக்கும்போதே எழுதலாம்.
* வானிலைத் துறை: பாம்பனில் புயல் கூண்டு ஏத்துறதைப் பார்த்து வளர்ந்தவங்களாச்சே! அறிவியல் உதவியாளர் பணிக்கு இயற்பியல் பட்டதாரிகளை எடுப்பாங்க.
* அணுசக்தித் துறை: கல்பாக்கம் போன்ற இடங்களில் உதவித்தொகையோடு பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கிறாங்க.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. கடைசி இரண்டுக்கும் 60 சதவிகிதம் வேணும். 'பாஸ் ஆனா போதும்'னு மூணு வருஷத்தை ஓட்டினால் இந்தக் கதவுகள் மூடிடும்.

முதல் செமஸ்டரில் தடுமாறினால்...

தமிழ் வழியில் படிச்சவங்களுக்கு இங்கிலீஷ் புத்தகமும், எல்லாருக்குமே கணக்கும் முதலில் மிரட்டும். வகையீடு, தொகையீடு ரெண்டையும் காலேஜ் திறக்கறதுக்குள்ள ஒருமுறை திருப்பிப் பாருங்க. புரியலைன்னா பேராசிரியரிடம் அன்னைக்கே கேட்டுடுங்க. அரியர் சேர்ந்த பிறகு கேட்பதைவிட அது சுலபம்.

பிறகு, வீட்டுல "என்ன பண்ணப் போறே?"ன்னு கேட்டால் கோபப்படாதீங்க. மேலே இருக்கும் நாலு வழியில் ஒண்ணைச் சொல்லுங்க. அதுக்கு என்ன மார்க் வேணும், என்ன பரீட்சை எழுதணும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க.